பட்டறைக் கேள்விகள்: சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

தொழிற்பள்ளிகளுக்குப் பயிற்றுநர் தேடுவது பற்றி நிறையக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. எலெக்ட்ரீஷியன் பிரிவில் பாடம் எடுத்து, பிறகு பயிற்றுநர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தவள் நான். என் உதாரணங்கள் பெரும்பாலும் வயரும் ஸ்விட்சுமாகத்தான் இருக்கும். மற்றத் தொழில்காரர்கள் உங்கள் வேலைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேடம், எங்கள் எலெக்ட்ரிகல் பிரிவுக்கு இருபத்தைந்து வருட அனுபவமுள்ள ஒருவரை எடுத்தோம். பழுது எங்கே என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். ஆனால் அவர் நடத்துவது ஒன்றும் புரியவில்லை என்று மாணவர்கள் புலம்புகிறார்கள். இதை நேர்காணலிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா?
– தொழிற்பள்ளி நிர்வாகி ஒருவர்

நாற்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டால் தெரியாது. சொல்லிக்கொடுக்கச் சொல்லித்தான் பார்க்க வேண்டும். "டெமோ வகுப்பு வைத்தோமே" என்பீர்கள். பெரும்பாலான இடங்களில் டெமோ வகுப்பு எப்படி நடக்கிறது? முதல்வரும் துறைத் தலைவரும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். வந்தவர் கரும்பலகையில் ஓம் விதியை எழுதி விளக்குவார். உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் ஓம் விதி ஏற்கெனவே தெரியும். அப்படிப்பட்டவர்களுக்கு யார் விளக்கினாலும் தெளிவாகத்தான் இருக்கும்.

நான் வைக்கும் முறை வேறு. பட்டறையில் ஒரு மேசை, பதினைந்து நிமிடம். எதிரில் அந்தத் தொழிலே தெரியாத ஒருவர் நிற்பார். அலுவலக உதவியாளராக இருக்கலாம், தையல் பிரிவு மாணவியாக இருக்கலாம். கேபிள் முனையில் லக் என்ற உலோக முனையை அழுத்திப் பொருத்துவது போல, ஒரு பயிற்சிப் பலகையில் மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்வது போலச் சின்ன வேலை ஒன்றைக் கொடுப்பேன். பலகை ஆபத்தில்லாத குறைந்த வோல்டேஜில் ஓடும். என்ன வேலை என்பதை முந்தின நாளே சொல்லிவிடுவேன். திடீரென்று தூக்கிக் கொடுத்து ஒருவரைத் திணறவைப்பதில் பள்ளிக்கு ஒரு லாபமும் இல்லை. நேரம் முடிந்ததும் வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கற்றுக்கொண்டவரைத் தனியாகச் செய்யச் சொல்வேன். மதிப்பெண் அதற்குத்தான்.

மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்யும் வேலையை இரண்டு பேருக்குக் கொடுத்தது நன்றாக நினைவிருக்கிறது. முதலில் வந்தவர் அனுபவஸ்தர். டெஸ்டரை எடுத்தார், மின்சாரம் இருக்கும் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு முனையில் ஒரு தொடு தொட்டார், அப்புறம் சோதிக்க வேண்டிய முனையில் வைத்தார், மறுபடியும் முதல் முனையில் ஒரு தொடு. "அவ்வளவுதான், மின்சாரம் இல்லை" என்றார். அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அந்த முதல் தொடுதலைப் பற்றியும் கடைசித் தொடுதலைப் பற்றியும் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கை தானாகச் செய்கிறது, செய்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. அவர் வெளியே போனதும், கற்றுக்கொண்ட பெண் டெஸ்டரை நேராகச் சோதிக்க வேண்டிய முனையில் வைத்தாள். வெளிச்சம் வரவில்லை. "மின்சாரம் இல்லை" என்றாள். டெஸ்டரே பழுதாகியிருந்தாலும் வெளிச்சம் வராதே! அந்தப் பழக்கத்தோடு அவள் வேலைக்குப் போனால், ஒரு நாள் உயிரே போய்விடும்.

அடுத்தவருக்கு அனுபவம் அவரைவிடக் குறைவு. அவர் அந்தப் பெண்ணிடம் பேட்டரி கழற்றிய டெஸ்டர் ஒன்றைக் கொடுத்து, மின்சாரம் உள்ள முனையில் வைக்கச் சொன்னார். "வெளிச்சம் வரலையே, ஏன்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றார். அவள் கொஞ்சம் யோசித்து, "இதுவே வேலை செய்யலையோ?" என்றாள். அப்புறம்தான் முழு வேலையையும் செய்து காட்டினார். அவள் செய்தபோது தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் தப்பான முனைக்குப் போனபோதும் டெஸ்டரைப் பிடுங்கவில்லை, "இப்போ எந்த முனை?" என்று மட்டும் கேட்டார். அவர் பார்வை முழுக்க அவள் கைமேல்தான் இருந்தது. அவரைத்தான் எடுத்தோம்.

இது நான் கண்டுபிடித்த விஷயம் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவமில்லாதவர்களை அவசரமாக வேலைக்குப் பழக்க வேண்டியிருந்தது. அதற்காக 1940-ல் ஒரு திட்டம் தொடங்கி 1945 வரை நடந்தது. அதில் மேற்பார்வையாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையே பாடமாக எடுத்தார்கள். மொத்தம் பத்து மணி நேரம், இரண்டிரண்டு மணியாக ஐந்து அமர்வு. முதல் அமர்வில் ஒரு முடிச்சு போடச் சொல்லிக்கொடுப்பார்கள். மின்விளக்கு ஹோல்டருக்குள் போகும் இரட்டை வயரில், வெளியே இழுத்தால் வயர் திருகிலிருந்து கழன்றுவிடாமல் இருக்கப் போடும் முடிச்சு அது. முதலில் வாயால் மட்டும் விளக்குவார்கள், கேட்டவருக்குப் போட வராது. அடுத்து, பேசாமல் செய்து மட்டும் காட்டுவார்கள், அப்போதும் வராது. பிறகு கற்பவரைத் தயார்செய்வது, படிப்படியாகக் காட்டிச் சொல்வது, அவரையே செய்யவைப்பது, பின்னால் வந்து பார்ப்பது என்று நான்கு படியில் சொல்லிக்கொடுப்பார்கள். இப்போது முடிச்சு வந்துவிடும். இந்த நான்கு படிக்கு அடிப்படை, முதல் உலகப் போரில் கப்பல் கட்டும் தளங்களுக்காகச் சார்லஸ் ஆலன் என்பவர் வகுத்த முறை. தொழிலாளி கற்கவில்லை என்றால் பயிற்றுநர் கற்பிக்கவில்லை என்று பொருள் என்பதுதான் அந்தத் திட்டத்தின் அடிப்படை வாசகம். எனக்கு இதில் மாற்றுக் கருத்தே கிடையாது.

அனுபவ ஆண்டுகள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆள் தேர்வு முறைகளைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக வந்த ஆய்வுகளைத் தொகுத்து ஷ்மிட், ஹன்டர் இருவரும் 1998-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். தேர்வு முறை சொல்வதற்கும் பிறகு ஆள் செய்யும் வேலைக்கும் தொடர்பே இல்லையென்றால் 0, முழுக்கப் பொருந்தினால் 1. வேலையைச் செய்யவைத்துப் பார்ப்பதற்கு 0.54. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒழுங்காகக் கேட்கும் நேர்காணலுக்கு 0.51. வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலுக்கு 0.38. எத்தனை வருட அனுபவம் என்பதற்கு 0.18 மட்டுமே. 2022-ல் வேறு ஆய்வாளர்கள் திரும்பக் கணக்கிட்டதில் இந்த நான்கு எண்களும் குறைந்தன. ஒழுங்கான நேர்காணல் முதலிடத்துக்கு வந்தது. அனுபவ ஆண்டுகள் அப்போதும் அடியில்தான் இருந்தன. விளம்பரத்தில் "குறைந்தது 15 வருட அனுபவம்" என்று போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, இப்போது உங்களிடம் இருப்பவரை அனுப்பிவிடாதீர்கள். அவருக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்தது வாய்க்கு வரவில்லை. அவர் ஒரு வேலை செய்யும்போது பக்கத்தில் தொழில் தெரியாத ஒருவரை நிறுத்தி, "இப்போ என்ன செய்தீங்க, ஏன் செய்தீங்க?" என்று ஒவ்வொரு அசைவுக்கும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளைத் திரும்ப வாசித்துக் காட்டினால் அவரே ஆச்சரியப்படுவார். இப்படிச் சில பாடங்களுக்கு எழுதிவிட்டால், அப்புறம் அவரே எழுத ஆரம்பித்துவிடுவார்.

கேள்வி: விளம்பரம் போட்டால் வேறு வேலை கிடைக்காதவர்கள்தான் வருகிறார்கள். நல்ல தொழில்காரர்களை எங்கே தேடுவது?
– ஒரு பள்ளி முதல்வர்

வேலை கிடைக்காமல் வருகிறவர்கள் எல்லோரும் மட்டம் இல்லை. முதலில் அந்த எண்ணத்தை விடுங்கள். ஆனால் நல்ல தொழில்காரர்கள் பெரும்பாலும் வேலையில்தான் இருப்பார்கள், விளம்பரம் பார்க்க மாட்டார்கள் என்பது உண்மை. நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.

யாரைக் கேட்பது? உங்கள் பழைய மாணவர்களைக் கேளுங்கள். "நீ வேலைக்குச் சேர்ந்தபோது உனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர் யார்?" ஒரே நிறுவனத்தில் வேலை செய்யும் பழைய மாணவர்கள் சிலரிடம் தனித்தனியாகக் கேட்டால், பெரும்பாலும் ஒரே பெயர்தான் வரும். ஒவ்வொரு பட்டறையிலும் அப்படி ஒருவர் இருப்பார். பதவியில் பெரியவராக இருக்க வேண்டும் என்றில்லை. புதுப் பையனுக்கு ஒன்று புரியவில்லை என்றால் யாரிடம் போய் நிற்கிறானோ அவர்தான். பயிற்றுநர் வேலையை அவர் ஏற்கெனவே சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கிறார்.

அவரை முழுநேரமாக இழுத்துவிடலாம் என்று உடனே கிளம்பாதீர்கள். நம் மாணவர்களுக்கு வேலை தரும் நிறுவனத்தோடு பகை வேண்டாம். முதலாளியிடமே நேராகப் பேசி, வாரத்தில் இரண்டு மாலை, ஒரு பாடம் என்று ஆரம்பியுங்கள். நாளைக்கு அவரிடம் வரப்போகும் பிள்ளைகளைத்தான் அவருடைய ஆள் பழக்கப்போகிறார் என்று எடுத்துச் சொன்னால் பலர் சம்மதிப்பார்கள். பகுதிநேரமாக வந்து வகுப்பு பிடித்துப்போய், சில வருடம் கழித்து முழுநேரமாக வந்துவிட்டவர்கள் எனக்குத் தெரிந்து நிறையப் பேர்.

முட்டிவலி, முதுகுவலி வந்து ஏணி ஏற முடியாதவர்கள், இரவு ஷிஃப்ட் இனி வேண்டாம் என்று நினைப்பவர்கள், பிள்ளை வளர்ப்புக்காக வேலையை விட்டுவிட்டுத் திரும்ப வரத் துடிக்கும் பெண்கள் – இவர்களையும் தேடிப் போங்கள். விளம்பரத்திலும் "பயிற்றுநர் தேவை" என்று ஒரு வரியோடு நிறுத்தாதீர்கள். வகுப்பில் எத்தனை பேர், வாரம் எத்தனை மணி நேரம், பட்டறையில் என்ன இயந்திரங்கள், பாடம் எடுக்கத் தெரியாவிட்டால் நாங்கள் பழக்குவோமா மாட்டோமா என்பதை எழுதுங்கள். கடைசியாகச் சொன்ன வரியைப் பார்த்துத்தான், கூச்சத்தில் ஒதுங்கியிருக்கும் நல்ல ஆள் விண்ணப்பிப்பார்.

கேள்வி: வெளியே கிடைக்கும் சம்பளத்தில் முக்கால் பங்குதான் எங்களால் தர முடியும். யார் வருவார்கள்?
– பயிற்சி நிலையம் நடத்துபவர்

சம்பளம் குறைவு என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். மூன்று சுற்று முடிந்தபின் சொன்னால் அவருடைய நேரமும் வீண், உங்கள் பெயரும் கெடும்.

அடுத்தது நான் எல்லோரிடமும் சண்டை போடும் விஷயம். மணிக்கணக்கில் சம்பளம் தருகிறவர்கள், வகுப்பில் நிற்கும் மணிக்கு மட்டும் தருகிறார்கள். செய்முறை வகுப்புக்குப் பொருள் எடுத்து வைப்பது, கருவிகளைச் சரிபார்ப்பது, மாணவர் செய்த வேலையை உட்கார்ந்து பார்த்துத் தவறைக் குறித்து வைப்பது, இதெல்லாம் வேலை இல்லையா? இந்த நேரத்துக்கும் காசு கொடுங்கள். கொடுக்க முடியாவிட்டால் வகுப்பு எண்ணிக்கையைக் குறையுங்கள். நல்ல பயிற்றுநர்கள் விட்டுப் போவதற்கு நான் அதிகம் கேட்ட காரணம் மொத்தச் சம்பளம் இல்லை, தயாரிப்புக்கு நேரமே இல்லாமல் வகுப்புக்கு ஓடவைத்ததுதான். நிலையான வேலை நேரமும், ஒழுங்கான கருவிகளும், புது இயந்திரம் வந்தால் பழகிக்கொள்ள வருடம் ஒரு முறை வெளியே அனுப்புவதும் சம்பள வித்தியாசத்தில் ஒரு பகுதியையாவது ஈடுகட்டும். முழுவதையும் ஈடுகட்டாது. அதனால் ஆண்டுதோறும் கொஞ்சமாவது கூட்டிக்கொடுக்கப் பாருங்கள்.

கேள்வி: பட்டம் பெரிதா, அனுபவம் பெரிதா?
– ஒரு வாசகர்

உரிமமோ சான்றிதழோ சட்டப்படி வேண்டும் என்று இருந்தால் பேச்சே இல்லை, அது இருந்தே ஆக வேண்டும். மற்றபடி, தொழில் தெரிவது ஒன்று, தொழிலைச் சொல்லிக்கொடுக்கத் தெரிவது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஜெர்மனியில் தொழிற்பயிற்சி பெரும்பாலும் நிறுவனங்களுக்குள்ளேயே நடக்கிறது. அங்கே பயிற்றுநராக இருப்பவர் தொழிலில் தேர்ந்தவராக இருந்தால் மட்டும் போதாது, கற்பிக்கும் தகுதியையும் காட்ட வேண்டும் என்று 1972-லேயே விதி செய்தார்கள். பயிற்சி இடங்கள் குறைகின்றன என்று 2003-ல் அந்த விதியை நிறுத்திவைத்தார்கள். 2009-ல் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

கேள்வி: அம்மா, நான் இருபது வருடமாக ஏசி மெக்கானிக். ஒரு பயிற்சிப் பள்ளியில் டெமோ வகுப்புக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு வாய் குழறும். போகலாமா?
– ஒரு மெக்கானிக்

கண்டிப்பாகப் போங்கள். மேடைப் பேச்சு வேறு, பட்டறையில் சொல்லிக்கொடுப்பது வேறு.

1970-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு நடிகரை டாக்டர் ஃபாக்ஸ் என்ற பெரிய நிபுணராக அறிமுகப்படுத்தி, மனநல மருத்துவர்களும் கல்வியாளர்களும் இருந்த கூட்டத்தில் பேசவைத்தார்கள். பேச்சில் சாரமே இல்லை. முன்னுக்குப்பின் முரணாகவும் வேண்டுமென்றே எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அவர் உற்சாகமாகப் பேசினார், கேட்டவர்கள் நல்ல மதிப்பெண் போட்டுவிட்டார்கள். சரளமாகப் பேசுகிறவரைப் பார்த்து மயங்கக் கூடாது என்று தேர்வு செய்கிறவர்களுக்கு இதைத்தான் நான் எப்போதும் சொல்வேன்.

உங்களுக்கு என் யோசனை இது. பாடத்தைச் சின்னதாக எடுங்கள். "குளிர்பதன முறை" என்று ஆரம்பித்தால் பதினைந்து நிமிடத்தில் எங்கேயும் போய்ச் சேர மாட்டீர்கள். செப்புக் குழாயின் முனையை விரித்து ஃப்ளேர் செய்வதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். முந்தின நாள் வீட்டில் நீங்களே மெதுவாகச் செய்து, ஒவ்வொரு படியையும் எழுதுங்கள். வெட்டிய முனையில் பிசிறு எடுக்கும்போது குழாயைக் கீழ்நோக்கிப் பிடிப்பீர்களே, செப்புத் துகள் உள்ளே விழாமல் இருக்க? ஃப்ளேர் செய்வதற்கு முன்னாலேயே நட்டைக் குழாயில் மாட்டிவிடுவீர்களே? உங்களுக்கு இதெல்லாம் சொல்லத் தேவையே இல்லாத விஷயம். புதிதாகக் கற்பவன் இங்கேதான் தடுக்கி விழுவான். கெட்டுப்போன ஃப்ளேர் இரண்டு மூன்றைக் கையோடு கொண்டுபோங்கள், விரிசல் விட்டது ஒன்று, கோணலானது ஒன்று. அவற்றைக் கையில் கொடுத்து "இதில் என்ன தப்பு?" என்று கேட்டால், பேச வேண்டியது பாதி குறைந்துவிடும். அவர்களைச் செய்யவையுங்கள். அவர்கள் கையைப் பார்க்க ஆரம்பித்ததும் உங்கள் கூச்சம் தானாக மறந்துபோகும்.

கேள்வி: முன்பு வேலை செய்த இடத்தில் விசாரித்தால் எல்லோரும் "நல்ல மனுஷன்" என்றே சொல்கிறார்கள். என்ன கேட்க வேண்டும்?
– ஒரு பள்ளியின் தாளாளர்

"எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். நடந்ததைக் கேளுங்கள். அவரிடம் தொழில் பழகியவர்களில் இப்போது தனியாக வேலை பார்க்கிறவர்கள் யார், அவர்களில் ஒருவரோடு பேச முடியுமா? பாதுகாப்பு விதியை யாராவது மீறியபோது அவர் என்ன செய்தார்? எதற்காக விட்டுப் போனார், திரும்ப வந்தால் எடுப்பீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் தயக்கத்தையும் கவனியுங்கள்.

ஒன்றைத் தவறாமல் கேட்க வேண்டும். இளைய பிள்ளைகளிடமும் பெண் பிள்ளைகளிடமும் அவர் நடந்துகொண்டதைப் பற்றிப் புகார் வந்ததா என்று நேரடியாகக் கேளுங்கள். பட்டறையில் கையைப் பிடித்துக் காட்டும் சாக்கில் வரம்பு மீறுகிறவர்கள் உண்டு. இப்படிப்பட்டவர் எவ்வளவு பெரிய கெட்டிக்காரராக இருந்தாலும் பள்ளிக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. கேட்கச் சங்கடமாக இருக்கிறது என்று இதைத் தவிர்ப்பவர்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

கேள்வி: சேர்ந்த மூன்றே மாதத்தில் விட்டுப் போய்விடுகிறார்கள். ஏன்?
– பயிற்சி நிலைய ஒருங்கிணைப்பாளர்

சேர்ந்த அன்றைக்கே முழு நேர அட்டவணையைக் கையில் கொடுத்து, "வகுப்பு அந்தப் பக்கம்" என்று காட்டிவிட்டீர்களா? அப்படியென்றால் காரணம் அதுதான். முதல் இரண்டு வாரம் ஒரு மூத்த பயிற்றுநரோடு நிற்கட்டும். பிறகு பாதி அட்டவணை போதும். முதல் மாதத்துக்கான பாடக்குறிப்பைப் பள்ளியே தயாராக வைத்திருக்க வேண்டும். தொழிலிலிருந்து நேராக வருகிறவருக்குப் பாடக்குறிப்பு எழுதுவது புது வேலை.

யாராவது ஒருவர் அவர் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு அன்றைக்கே பேச வேண்டும், இரண்டு வாரம் கழித்துப் பேசினால் இருவருக்குமே நினைவிருக்காது. மாணவர் கருத்துப் படிவத்தை மட்டும் நம்பாதீர்கள். மேலே சொன்ன டாக்டர் ஃபாக்ஸுக்கும் நல்ல மதிப்பெண்தான் வந்தது. மாணவர்கள் செய்த வேலையை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: இந்த ஆண்டு முதலிடம் வந்த மாணவனையே பயிற்றுநராக எடுக்கலாமா?
– ஒரு துறைத் தலைவர்

இப்போது வேண்டாம். சில வருடம் வெளியே வேலை பார்த்துவிட்டு வரட்டும். வாடிக்கையாளர் கத்தும்போது, கேட்ட பாகம் வராதபோது, வரைபடத்தில் இல்லாத வயர் சுவரில் இருக்கும்போது என்ன செய்வது என்று அவன் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் அவன் தொடர்பை விட்டுவிடாதீர்கள், எப்போதாவது ஒரு நாள் வந்து பேசச் சொல்லுங்கள்.

கேள்வி: தேர்வாகாதவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

கட்டாயம் சொல்ல வேண்டும், ஒரு வாரத்துக்குள். டெமோ வகுப்பில் நீங்கள் பார்த்ததையே சொல்லுங்கள்: "செய்து காட்டியது அருமை, ஆனால் அவர்களைச் செய்யவிடவில்லை." இதைக் கேட்டுத் திருத்திக்கொண்டு அடுத்த முறை வந்தவர்களை எடுத்திருக்கிறோம். அவர்கள் எண்களைத் தொழில்வாரியாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பாதி வருடத்தில் யாராவது திடீரென்று விலகினால் முதலில் அந்த நோட்டைத்தான் எடுப்பீர்கள்.